ஒத்திகையில் காணாமல் போனவள்

வணக்கம் கண்ணுகளா! எல்லாரும் சௌக்கியந்தானே? மூட்டுவலிக்காரர்களுக்கு வலி தேவலையா? வீட்டுச் சின்னதுகளுக்குச் சளி, இருமல் எல்லாம் விட்டதா? மாத்திரை போடுகிறவர்கள் போட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீரும் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். நடுவில் நெஞ்சு கொஞ்சம் படபடக்கும். முதலிலேயே சொல்லியாயிற்று, அப்புறம் யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

ஒரு தொடக்கப் பள்ளிக்கூடம். அதில் மூன்றாம் வகுப்புக்கு ஒரு டீச்சர். கொஞ்சம் பூசின உடம்பு, கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில். தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று பிள்ளைகளுக்குள் பெரிய சந்தேகம். கண்டிப்பானவர்தான், ஆனால் சிரிக்க ஆரம்பித்தால் மேசை குலுங்கும்.

அந்தப் பருவத்தில் வகுப்புக்கு மூன்று சுற்றுலாக்கள். முதலில் தீயணைப்பு நிலையம், அடுத்து ரொட்டி சுடும் பேக்கரி, கடைசியில் தபால் நிலையம். சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருகிற கதை இல்லை. கணக்குப் பாடத்தில் பள்ளியிலிருந்து தீயணைப்பு நிலையம் வரைக்கும் வழி வரைந்தார்கள். அறிவியல் பாடத்தில் மெழுகுவர்த்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடி, அது ஏன் அணைகிறது என்று பார்த்தார்கள். தீயணைப்பு வீரரிடம் கேட்பதற்கு ஆளுக்கொரு கேள்வி தயார் செய்தார்கள். "உங்க வீட்ல அடுப்ப யாரு அணைப்பாங்க?" என்று ஒரு பையன் எழுதியிருந்தான். டீச்சரின் மேசை அன்றைக்கு நன்றாகவே குலுங்கியது.

எல்லா வீட்டிலும் சரி என்று சொல்லிவிட்டார்கள், ஒரே ஒரு வீட்டைத் தவிர. பஞ்சு என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சின்னப் பெண். தலைமுடி பஞ்சு மாதிரி பறக்கும், அதனால் அந்தப் பெயர். அவளுடைய அம்மா மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். சீட்டில் இருக்கும் மருந்தை எடுத்து, பெயரைப் படித்து, மறுபடியும் படித்து, அப்புறம்தான் கையில் கொடுப்பார். பிள்ளை விஷயத்திலும் அதே குணம்.

"ரோட்டுல வண்டி, அங்க தண்ணி பீச்சற குழாய், ஏணி, என்னென்னவோ இருக்கும். இவ வாயத் தொறந்து பேசவே மாட்டா. தொலஞ்சா கூட கத்தத் தெரியாது டீச்சர்" என்றார் அந்த அம்மா.

"என்னை நம்புங்கம்மா. உங்க பொண்ணு கைய நான் விடவே மாட்டேன்" என்றார் டீச்சர்.

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அம்மா தலையாட்டினார்.

அதற்காகவே டீச்சர் ஒரு விதியை உருவாக்கினார். வகுப்பில் ஒரு வாரமாக அதே பேச்சு.

"வழி தவறிட்டா என்ன செய்யணும்?"

"நின்ன எடத்துலயே நிக்கணும் டீச்சர்!"

"யாராவது பேரச் சொல்லிக் கூப்பிட்டா?"

"போகக் கூடாது டீச்சர்! பேரு சட்டையிலயே குத்தியிருக்கு, அதப் படிச்சிட்டு யாரு வேணா கூப்பிடலாம்!"

"அப்போ எப்ப வாயத் தொறக்கணும்?"

"ரகசிய வார்த்தை சொன்னாத்தான்!"

ரகசிய வார்த்தை, நீலக் குதிரை. கைதூக்கி வாக்கெடுத்துப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தது. வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று டீச்சர் உதட்டில் விரல் வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். பிள்ளைகளும் உதட்டில் விரல் வைத்துக் கேட்டார்கள். பஞ்சு மட்டும் விரலை எடுக்க மறந்து, மணியடிக்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சுற்றுலாவுக்கு இரண்டு நாள் முன்னால், மதியம், ஒத்திகை.

வகுப்பு நாற்காலிகளை எல்லாம் இரண்டிரண்டாகப் போட்டு பேருந்து ஆக்கினார்கள். வெளி வராந்தாதான் சாலை. விளையாட்டுச் சாமான் அறைதான் தீயணைப்பு நிலையம். தீயணைப்பு வீரர் யார் தெரியுமா? வாயிற்கதவுக் காவல்காரர். பிள்ளைகள் வாட்ச்மேன் அண்ணன் என்று கூப்பிடுவார்கள். "ஒரு அஞ்சு நிமிஷம் வாங்கண்ணே" என்று டீச்சர்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். அவரும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "எங்க தீ? எங்க தீ?" என்று உள்ளே ஒரு சுற்றுச் சுற்றினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எல்லாரும் ஜோடி ஜோடியாகக் கைகோத்து நடக்க வேண்டும். பஞ்சுவின் ஜோடிக்கு அன்று காய்ச்சல், வரவில்லை. அதனால் பஞ்சுவுக்கு டீச்சரே ஜோடி. சின்னக் கை, கொஞ்சம் ஈரமான கை, டீச்சரின் உள்ளங்கைக்குள் இருந்தது.

வாளியால் வந்தது வினை. "எனக்கு வாளி!" "எனக்கு!" என்று இரண்டு பையன்கள் இழுக்க, வாட்ச்மேன் அண்ணனின் தலையும் சேர்ந்து ஆடியது. டீச்சர் ஓடிப் போய் இருவரையும் பிரித்தார். விசிலை ஊதினார். வரிசை சரியானது. வாசலில் நின்று ஜோடிகளை எண்ணினார். ஒரு ஜோடிகூடக் குறையவில்லை. "ஜம்முன்னு இருக்கு!" என்று சொல்லிவிட்டு அழைத்துக்கொண்டு போனார். வாட்ச்மேன் அண்ணன் கதவைச் சாத்திவிட்டு வாயிலுக்குத் திரும்பினார்.

வகுப்பில் எல்லாரும் நாற்காலிப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் பையன் 'பாம் பாம்' என்றான். டீச்சரும் சிரித்துக்கொண்டே தன் இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

காலி.

ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. எண்ணினாரே! சரியாகத்தானே எண்ணினார்! ஆமாம், ஜோடிகளைத்தான் எண்ணினார். தன் ஜோடியை மட்டும் எண்ணவில்லை. யார் கையை விடவே மாட்டேன் என்று சொன்னாரோ, அந்தக் கையை விட்டுவிட்டு, மற்ற கைகளை எல்லாம் சரிபார்த்து வந்திருக்கிறார்.

"பஞ்சு எங்க?"

பிள்ளைகள் நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து தேடினார்கள்.

டீச்சர் வராந்தாவுக்கு ஓடினார். "பஞ்சு! பஞ்சும்மா!" பதில் இல்லை. கழிவறைக் கதவுகளைத் தட்டினார். நூலக அறையில் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். சாமான் அறையைத் திறந்தார். வலை, பந்து மூட்டை, சுவரோரம் ஆளுயரத்துக்கு அடுக்கிய மெத்தைகள். "பஞ்சு!" ஒரு சத்தமும் இல்லை.

விதி அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆமாமே, பேரைச் சொன்னால் வரமாட்டாளே! டீச்சருக்குப் பாதி உயிர் வந்தது. அறை வாசலில் நின்று உரக்கச் சொன்னார்: "நீலக் குதிரை!"

காத்திருந்தார்.

"நீலக் குதிரை! பஞ்சு, டீச்சர்டா! நீலக் குதிரை!"

வந்த பாதி உயிரும் போய்விட்டது. வார்த்தை சொல்லியும் வரவில்லை என்றால், அவள் இந்த இடத்திலேயே இல்லை என்றுதானே அர்த்தம்?

டீச்சர் வாயிலைப் பார்த்து ஓடினார். வாட்ச்மேன் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, வாளி அழுத்திய நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க பஞ்சு வெளிய போனாளா?"

"இல்லியே டீச்சர், நான் இங்கதான..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். அவர் முகம் வெளுத்தது. "நான் உங்க கூட இருந்தேனே டீச்சர். தீயணைக்க."

"கேட்டு சாத்தியிருந்துதா?"

"சாத்திட்டுத்தான் வந்தேன். ஆனா..." தலையில் கை வைத்தார். "நான் திரும்பி வந்தப்போ லேசாத் தொறந்திருந்துச்சு. காத்துன்னு நெனச்சேன்."

காவல் இருந்தவரைக் கூட்டிக்கொண்டு போய் வாளி மாட்டிவிட்டது யார்? அவரேதான். வெளியே சாலை. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எதிர்ச்சாரியில் ஒரு பழக்கடை, ஒரு சைக்கிள் கடை, முகம் தெரியாத ஆட்கள். "ஒரு சின்னப் பொண்ணு, முடி பறக்கும், பாத்தீங்களா?" என்று டீச்சர் கேட்கக் கேட்க, எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். வாட்ச்மேன் அண்ணன் சாலையின் ஒரு பக்கமாக ஓடினார்.

தலைமையாசிரியை மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். மெலிந்த உருவம், மெலிந்த குரல். "என்ன இது? அம்மாவுக்கு போன் பண்ணணுமா? போலீசுக்குப் பண்ணணுமா? ஏதாவது சொல்லுங்க!" டீச்சருக்கு மறுபடியும் சாமான் அறைப் பக்கமே கால் போனது. கடைசியாகக் கையை விட்ட இடம் அதுதானே. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீலக் குதிரை, நீலக் குதிரை" என்று சொல்லிக்கொண்டே, பெரிய மனுஷி என்ற வெட்கம் இல்லாமல், விம்மி விம்மி அழுதார்.

யாரோ தோளைத் தொட்டார்கள். வகுப்பில் வக்கீல் என்று பட்டப்பெயர் வாங்கிய பெண். எதற்கெடுத்தாலும் ஒரு வாதம் வைத்திருப்பாள். அவளுக்குப் பின்னால் மொத்த வகுப்பும் நின்றது.

"டீச்சர், நீங்க எவ்வளவு கத்தினாலும் வரமாட்டா. அது பழசு."

"என்ன பழசு?"

"நீலக் குதிரை. நாலாங்கிளாஸ் பசங்களுக்குத் தெரிஞ்சு போச்சு டீச்சர். நீங்க வகுப்புல அவ்வளவு சத்தமா சொன்னா தெரியாதா? எங்களப் பாத்து 'ஹிஹ்ஹீ ஹிஹ்ஹீ'ன்னு குதிரை மாதிரி கனைக்கிறாங்க. அதான் சாப்பாட்டு நேரத்துல மாத்திட்டோம்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாத்திட்டீங்களா? எங்கிட்ட சொல்லாமயா? புது வார்த்தை என்ன? சொல்லு, சீக்கிரம்!"

வக்கீல் உதட்டில் விரலை வைத்துக்கொண்டாள். பின்னால் இருந்த அத்தனை பேரும் வைத்துக்கொண்டார்கள்.

"சொல்லுடி கண்ணு!"

"யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"நான் டீச்சர்டி!"

"டீச்சர்கிட்ட சொல்லலாம்னு நீங்க சொல்லவே இல்லியே."

தலைமையாசிரியை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, இதுங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்து வச்சிருக்கீங்க!" என்றார்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காது மடல் சிவந்துபோய் நெளிந்தார்கள். ரகசியம் மட்டும் காரணம் இல்லை, வேறேதோ இருக்கிறது என்று டீச்சருக்குப் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சரி, எங்கிட்ட சொல்ல வேணாம். நீங்களே கூப்பிடுங்க. நான் காதப் பொத்திக்கறேன்."

"திட்ட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமாடா தங்கங்களா, கத்துங்க!"

டீச்சர் காதைப் பொத்தினார். பொத்தி என்ன பிரயோஜனம்? ஒரு வகுப்பே தொண்டை கிழியக் கத்தினால் கேட்காதா?

"குண்டு விசில்! குண்டு விசில்! குண்டு விசில்!"

தலைமையாசிரியை திரும்பி டீச்சரைப் பார்த்தார். டீச்சரின் கழுத்தில் தொங்கிய விசிலையும் பார்த்தார். சிரிக்க வேண்டிய இடம்தான். ஆனால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அடுக்கிய மெத்தைகளுக்குப் பின்னால் இருந்து ஒரு சின்னக் குரல் வந்தது:

"இங்க இருக்கேன்."

டீச்சர் மெத்தைகளை எப்படித் தள்ளினார், யார் பிடித்தார்கள், எதுவும் அவருக்குத் தெரியாது. சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் பெரியவர்கள் நுழைய முடியாத சந்தில் பஞ்சு விறைப்பாக நின்றாள். முடியெல்லாம் ஒட்டடை. ஷூ கயிறு அவிழ்ந்து கிடந்தது.

"கயிறு கட்ட ஓரமா வந்தேன். கட்டறதுக்குள்ள எல்லாரும் போய்ட்டாங்க. நான் தொலஞ்சிட்டேன்னு தெரிஞ்சுது. அதான் நின்ன எடத்துலயே நின்னேன்" என்றாள் பஞ்சு.

கதவு பூட்டவில்லை. தள்ளினால் திறக்கும். பக்கத்தில்தான் வகுப்பு. டீச்சர் அவளை வாரி அணைத்துக்கொண்டார். போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்திலேயே, வாயில் ஒரு கேள்வியும் வந்துவிட்டது.

"நான் கூப்பிட்டது உனக்குக் கேக்கலியாடா?"

"கேட்டுச்சு டீச்சர்."

"என் குரல்னு தெரியலியா?"

"தெரிஞ்சுது. நீங்கதான்னு தெரிஞ்சுது." பஞ்சு டீச்சரின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நீங்க அழுதீங்க. எனக்கும் அழுகை வந்துச்சு. சத்தம் வரக்கூடாதுன்னு வாயப் பொத்திக்கிட்டேன். நீங்க தப்பான வார்த்தை சொன்னீங்க டீச்சர்."

பேயறைந்த மாதிரி நின்றார் டீச்சர். காணாமல் போனபோது வந்த அதிர்ச்சி ஒரு வகை. இது வேறு வகை. சில அடி தூரத்தில், ஒரு மெத்தை அடுக்குக்குப் பின்னால், இந்தப் பிள்ளை அவர் அழுவதைக் கேட்டுக்கொண்டு, ஓடி வரத் துடித்துக்கொண்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றிருக்கிறாள். எதற்காக? அவர் சொன்ன ஒரு சொல்லுக்காக. தன் வாய்ச்சொல்லுக்கு இத்தனை கனம் இருக்கிறதென்று இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரியாது.

வாட்ச்மேன் அண்ணன் மூச்சு வாங்க ஓடி வந்து, பஞ்சுவைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தலைமையாசிரியை டீச்சரை ஓரமாகக் கூப்பிட்டார். "ஒண்ணும் ஆகல. பிள்ளை உள்ளதான் இருந்திருக்கா. அந்தம்மா ஏற்கெனவே பயப்படற ஆளு. எதுக்கு ஊதிப் பெருசாக்கணும்? விட்டுடுங்க."

"அவ வாயால சொல்லட்டும்னு விடறதா மேடம்? நான் சொல்லலேன்னா, சொல்லக்கூடாதுன்னு இவளே நெனச்சுப்பா. இப்பத்தான பாத்தீங்க" என்றார் டீச்சர்.

சாயங்காலம் அம்மா வந்தார். டீச்சர் ஒன்றையும் மறைக்கவில்லை. கையை விட்டது, எண்ணத் தவறியது, வாயில் கதவு திறந்து கிடந்தது, எல்லாம் சொன்னார். அம்மாவின் முகத்தில் ரத்தம் வற்றிக்கொண்டே போனது. பையைத் தோளில் மாட்டியபடி, மகளின் தலையில் இருந்த ஒட்டடையை ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"நாளைக்கு நான் வகுப்புல வந்து உக்காரணும். இவங்களுக்கு இனிமே என்ன சொல்லப் போறீங்கன்னு என் காதால கேக்கணும். அப்புறம்தான் அனுப்பறதா இல்லியான்னு சொல்வேன்."

மறுநாள் காலை அவர் கடைசி வரிசையில், குழந்தைகள் நாற்காலியில், முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார். டீச்சர் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றார். இனி என் ஜோடியைத்தான் முதலில் எண்ணுவேன் என்றார். வாட்ச்மேன் அண்ணன் வாயிலை விட்டு எங்கும் வரமாட்டார் என்றார். வார்த்தையை மாற்றினால் எனக்கும் சொல்ல வேண்டும் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்புறம் பஞ்சு கையைத் தூக்கினாள். அவள் வகுப்பில் தானாகக் கை தூக்கியது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், வார்த்தை தப்பா இருந்து, ஆனா உங்க குரலா இருந்து, நீங்க அழுதா? அப்ப வரலாமா?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் வக்கீல் எழுந்துவிட்டாள். "வரக்கூடாது! ஏமாத்தறவங்களும் அழுவாங்க. குரலும் மாத்திப் பேசுவாங்க."

"ஆனா நெஜமாவே டீச்சரா இருந்தா பாவம் இல்ல?" என்றான் வாளிக்குச் சண்டை போட்ட பையன்.

"பாவம் பாத்தா மாட்டிக்குவ!"

"நீ கல்நெஞ்சுக்காரி!"

வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. டீச்சர் விசிலைக் கையில் எடுத்தார். ஊதவில்லை. வரலாம் என்றால் நாளைக்கு எவனோ ஒருவன் அழுதுகொண்டு வந்து நிற்பான். வரக்கூடாது என்றால் இன்னொரு குழந்தை எங்கேயோ வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும்.

"எனக்குத் தெரியலடா" என்றார் டீச்சர்.

சட்டென்று சத்தம் நின்றது. டீச்சருக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்று பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். வக்கீலே உட்கார்ந்துவிட்டாள்.

இடைவேளை மணி அடித்தது. அம்மா நாற்காலியில் இருந்து தன்னைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து வந்தார். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டே, "பரவால்லம்மா, அனுப்ப வேணாம். நானா இருந்தாலும் அனுப்ப மாட்டேன்" என்றார்.

"அனுப்பறேன்" என்றார் அம்மா.

டீச்சர் நிமிர்ந்தார். நிஜமாகவே காதில் சரியாக விழுந்ததா என்று பார்த்தார்.

"நேத்து வீட்ல இவ சோறே சாப்பிடல டீச்சர். பயந்துட்டான்னு நெனச்சேன். தோண்டித் தோண்டிக் கேட்டேன். இருட்டு பயமில்ல, பூச்சி பயமில்ல. 'நான் டீச்சரை அழ வச்சிட்டேம்மா, இனிமே என்னை அவங்களுக்குப் புடிக்காது'ங்கறா. நான் வீட்ல நிறுத்தி வச்சேன்னா, அதனாலதான்னு நெனச்சுப்பா. அத எந்த மருந்து குடுத்து நான் எறக்கறது?" அம்மாவின் குரல் தடுமாறியது. "எனக்கு உங்க மேல இன்னும் கோவம் தீரல. அது வேற கணக்கு. நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு, கடைக்கு நேரமாகிறது என்று விறுவிறுவென்று நடந்தார்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். பஞ்சு கதவோரமாக நின்று, வரலாமா கூடாதா என்பது போல இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் எந்த வார்த்தையும் சொல்லவில்லை. அவரே போனார். அவளுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"நீ ஒரு தப்பும் பண்ணலடா. டீச்சர் அழுதது உன்னால இல்ல."

"அப்ப யாரால?"

"என்னாலதான்."

பஞ்சு டீச்சரின் விசிலைத் தொட்டாள். "அப்ப என்னைப் புடிக்குமா?" என்றாள். டீச்சர் இந்தத் தடவை அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தலையை மட்டும் பலமாக ஆட்டினார்.

சரி கண்ணுகளா, இப்போது உங்கள் முறை. அந்த வகுப்பில் தீராத வழக்கு இது. பஞ்சு வந்திருக்கணுமா, வராமல் நின்றது சரியா? உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்? இப்படி உங்கள் சொல்லே உங்களைத் தூக்கிவாரிப் போட்ட கதை ஏதாவது இருந்தால் ஒன்று விடாமல் எழுதுங்கள். நாலு வரியானாலும் சரி, நாற்பது வரியானாலும் சரி, உட்கார்ந்து படிக்க இங்கே ஆள் இருக்கிறது.